நோயாளியே இல்லாத கப்பலுக்கு எத்தனை நாள் தடை?

1896 டிசம்பர் 18 அன்று, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த நேட்டாலின் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு நீராவிக் கப்பல்கள் நங்கூரமிட்டன. நாதேரி நவம்பர் 28 அன்றும், கூர்லண்ட் நவம்பர் 30 அன்றும் பம்பாயிலிருந்து புறப்பட்டவை. இரண்டிலும் சேர்த்து 600-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தனர். அவர்களில் பலர் நேட்டாலில் தங்க வந்தவர்கள் அல்லர். டிரான்ஸ்வால் போன்ற இடங்களுக்குச் செல்லும் வழியில் டர்பனில் இறங்க வேண்டியவர்கள். கூர்லண்டில் மனைவி, இரு மகன்கள், சகோதரியின் மகன் ஆகியோருடன் 27 வயது வழக்கறிஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியும் வந்திருந்தார். வழியில் எவருக்கும் பிளேக் கண்டதாகப் பதிவில்லை. ஆனாலும் அவர்கள் கரையில் கால்வைக்க 1897 ஜனவரி 13 வரை, அதாவது பம்பாயை விட்டு ஆறு வாரங்களுக்கு மேல், காத்திருக்க நேர்ந்தது.

அந்தக் காத்திருப்பின் நாட்கணக்கை நிதானமாகப் பார்த்தால், துறைமுக மருத்துவப் பரிசோதனையைச் சுற்றி உலகெங்கும் எழுந்த வழக்குகளுக்கும் கலவரங்களுக்கும் எது மூலகாரணம் என்பது விளங்கும். கப்பல்கள் வந்து சேர்ந்த நாட்களில்தான் பம்பாய் நோய்த்தொற்றுள்ள துறைமுகம் என்று நேட்டால் அரசு அறிவிக்கை வெளியிட்டது. பம்பாயை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து 23 நாள் நிறைவுபெறும்வரை கப்பல்கள் விலகி நிற்கவேண்டும் என்பது முதலில் சொல்லப்பட்ட நிபந்தனை. பயணத்திலேயே பெரும்பகுதி கழிந்துவிட்டதால், அதன்படி மிஞ்சியது சில நாட்கள் மட்டுமே. அதற்குள் துறைமுகச் சுகாதார அதிகாரி மாற்றப்பட்டார். புதிதாக வந்தவர் கிருமிநீக்கம் செய்த பிறகு 12 நாள் என்று புதுக் கணக்கைத் தொடங்கினார். பயணிகளின் படுக்கைகளும் பழந்துணிகளும் எரிக்கப்பட்டன, உடைகள் கிருமிநாசினியில் முக்கப்பட்டன, தளங்கள் புகையூட்டப்பட்டன. அந்தப் பணி முடிந்த நாளிலிருந்துதான் 12 நாள் என்று கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. தடை நீங்கியபோது ஜனவரி 11 ஆகியிருந்தது.

கப்பல்களில் தனிமைப்படுத்தலைக் குறிக்கும் மஞ்சள் கொடி பறந்த அதே நாட்களில் டர்பன் நகர மண்டபத்தில் வெள்ளையர்கள் ஜனவரி 4 அன்றும் 7 அன்றும் பெருங்கூட்டம் கூட்டினார்கள். பயணிகளை இறங்கவிடாமல் திருப்பி அனுப்பவேண்டும், அதற்கான செலவை நேட்டால் அரசே ஏற்கவேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. அரசின் தலைமை வழக்கறிஞர் ஹாரி எஸ்கோம்ப் இந்த எதிர்ப்பு இயக்கத்தினரிடம் மறைக்காமல் தன் ஆதரவைக் காட்டினார். ஆனால் நோயற்ற பிரிட்டிஷ் குடிமக்களைத் தடுக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். தனிமைப்படுத்தல் காலத்தை இழுத்துக்கொண்டே போனால் பயணிகள் சலித்துத் திரும்பிவிடுவார்கள், இல்லாவிட்டால் கப்பல் முதலாளி தாதா அப்துல்லா நிறுவனமாவது நட்டத்துக்கு அஞ்சி விட்டுக்கொடுத்துவிடும் என்பது கணக்கு. தன் சுயசரிதையில் காந்தியே இந்த உத்தரவுக்குப் பின்னால் சுகாதாரத்துக்கு மேற்பட்ட காரணங்கள் இருந்தன என்று எழுதியிருக்கிறார். யாரும் திரும்பவில்லை. இறங்கிய அன்று கூட்டத்தை எஸ்கோம்ப் பேசிக் கலைத்தார். பிற பயணிகள் ஊறின்றிப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னர் வழக்கறிஞர் லாட்டனுடன் நடந்துவந்த காந்தியைத் தெருவில் சூழ்ந்து தாக்கியவர்களிடமிருந்து காவல் கண்காணிப்பாளரின் மனைவி திருமதி அலெக்சாண்டர் தன் குடையை விரித்து மறைத்துக் காப்பாற்றினார். இந்தக் குடைக் காட்சி பலருக்கும் தெரியும். அதற்கு முந்தைய மூன்றரை வாரங்களின் மருத்துவ நாட்கணக்கை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

மருத்துவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது நியாயமாகாது. பம்பாயில் 1896 செப்டம்பரில் மாண்டவி பகுதியில் பிளேக் இனங்காணப்பட்டது. மக்கள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். நோய்க்கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் 1894-இல்தான் கண்டறிந்திருந்தார். எலித் தெள்ளு வழியாகப் பரவுகிறது என்று சிமோன் சொன்னது 1898-இல். அதை அறிவியல் உலகம் ஏற்க இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. மனிதரின் துணியிலும் மூட்டையிலும் நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்பிய காலத்தில் படுக்கையை எரித்தது வெறும் கொடுமை அன்று. அச்சம் உண்மையானதே. அந்த அச்சம் யார்மீது, எத்தனை நாளைக்குப் பாய்ந்தது என்பதில்தான் அரசியல் புகுந்தது. பின்னாளில், 1901-இல், கேப் டவுனில் பிளேக் புகுந்தபோது, போயர் போருக்காகப் படைக் குதிரைகளுக்குத் தீவனம் ஏற்றிவந்த கப்பல்களின் எலிகளே அதைக் கொண்டுவந்தன என்று கருதப்பட்டது. அதற்காக நகரை விட்டு அப்புறப்படுத்தப்பட்டவர்களோ கறுப்பின மக்கள்.

டர்பனில் அந்தக் கூட்டம் தோற்றது என்று சொல்வதும் சரியாகாது. சில மாதங்களிலேயே நேட்டால் சட்டமன்றம் அவர்கள் கேட்டதைச் சட்டமாக்கித் தந்தது. 1897-ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டம், நோய்த்தொற்றுள்ளதாக அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்து வரும் கப்பலிலிருந்து எவரையும் இறங்கவிடாமல் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. கப்பலில் நோயாளி இருக்கவேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. கூடவே வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களையும், அருவருக்கத்தக்க அல்லது ஆபத்தான தொற்றுநோய் உள்ளவர்களையும் ஒரே பட்டியலில் வைத்தது. இனத்தின் பெயர் எங்கும் இல்லை. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்படும் இந்தியர்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. 1860 முதல் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், அது நிற்கவில்லை. இந்தியாவில் பிளேக் இருந்தபோதும் தோட்டத்துக்கு வருகிற இந்தியர் வேண்டியவர், கடை வைக்க வருகிற இந்தியர் ஆபத்தானவர். இதைவிடத் தெளிவாக அந்தச் சட்டத்தை விளக்க முடியாது.

நேட்டாலுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1888 ஏப்ரல் இறுதியில் மெல்போர்னுக்கு வந்த ஆப்கன் என்ற கப்பலில் 268 சீனர்கள் இருந்தார்கள். மெல்போர்ன் அமைந்த விக்டோரியாவின் சட்டப்படி கப்பலின் ஒவ்வொரு 100 டன்னுக்கும் ஒரு சீனர் வீதம் 14 பேரையே ஏற்றியிருக்கலாம். நகரில் கொந்தளிப்பு. நோய்த்தொற்றுள்ள துறைமுகத்திலிருந்து வந்த கப்பல் என்று காரணம் காட்டிக் கப்பல் முதலில் தனிமைப்படுத்தப்பட்டது. தலைவரி கட்ட முன்வந்தவர்களிடம் சுங்க அதிகாரி அதை வாங்க மறுத்தார். கப்பல் சிட்னிக்குப் போனது. அங்கே முதல்வர் ஹென்றி பார்க்ஸ் சட்டத்தின் சிலந்திவலை நூல்களைத் தான் பொருட்படுத்தப் போவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவை ஏற்று, பயணிகளைக் கப்பலில் அடைத்துவைப்பதற்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. மெல்போர்னில் இறங்க முடியாமற்போன பயணிகளில் ஒருவரான டோய், சுங்க அதிகாரி மஸ்கிரோவ் மீது நட்டஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்து விக்டோரியா நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் 1891-இல் லண்டனில், பிரிட்டிஷ் குடியேற்றங்களின் வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிக்குள் நுழைவதற்கு வெளிநாட்டவர் ஒருவருக்கு வழக்குத் தொடுத்து நிலைநாட்டக்கூடிய உரிமை எதுவும் இல்லை என்றது அது. மறுத்ததற்கு மருத்துவக் காரணம் சரியா தவறா என்று யாரும் ஆராயத் தேவையே இல்லாமல் போயிற்று. காந்தியும் உடன் வந்தவர்களும் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் அவர்களை அந்தத் தீர்ப்பைக் கொண்டு தடுக்க முடியவில்லை. நேட்டால் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்ததற்கு இதுவே காரணம்.

தொற்றுத் தடையில் பயணச்சீட்டின் வகுப்பு எவ்வளவு பங்கு வகித்தது என்பதைப் பார்க்க நியூயார்க்கின் 1892-ஆம் ஆண்டு போதும். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் மசீலியா என்ற கப்பலில் வந்த ரஷ்ய யூதர்களிடையே டைபஸ் காய்ச்சல் தோன்றியது. ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரில் காலரா வெடித்து 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கிருந்து வந்த கப்பல்களில் பயணத்தின்போதே மரணங்கள். செப்டம்பர் 1 அன்று, குடியேறிகளை ஏற்றிவரும் எந்தக் கப்பலும் 20 நாள் தனித்து நிற்கவேண்டும் என்று குடியரசுத் தலைவர் ஹாரிசனின் அரசு ஆணையிட்டது. காலரா தொற்றிய சில மணி நேரத்திலிருந்து சுமார் ஐந்து நாளுக்குள் வெளிப்படும் நோய். 20 நாள் என்பதன் பொருள் மருத்துவத்தில் இல்லை, கப்பல் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது: அவ்வளவு நாள் ஒரு கப்பலைச் சும்மா நிறுத்திவைக்க எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. எதிர்பார்த்தபடியே அவை கீழ்த்தளப் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தின. குடியேற்றத்தைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லாமலேயே சில மாதங்களுக்குக் குடியேற்றம் பெருமளவில் நின்றது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. நார்மானியா என்ற கப்பலில் முதல் வகுப்பில் வந்த செல்வந்தர்களும் சிக்கிக்கொண்டார்கள். கீழ்த்தளத்துக் குடியேறிகளை ஹாஃப்மன் தீவின் கொட்டகைகளுக்கு அனுப்பியதில் யாருக்கும் மறுப்பு எழவில்லை. அறை வகுப்பினரை அப்படி அனுப்ப மனமில்லாத ஆளுநர் ஃபிளவர், ஃபயர் தீவில் ஒரு விடுதியையே அரசுக்காக விலைக்கு வாங்கினார். பகற்பயணத்துக்கான படுக்கையில்லாப் படகில் அவர்களை அங்கே கொண்டுபோனபோது, அக்கம்பக்கத்து மீனவர்களும் ஊராரும் துப்பாக்கியோடு கரையில் நின்று இறங்கவிடாமல் தடுத்தார்கள். நீதிமன்றத்தில் தடையாணையும் வாங்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் படகிலேயே இரவைக் கழித்தனர். கடைசியில் மாநிலப் படை வந்த பிறகுதான் இறங்க முடிந்தது. பயணிகளில் ஒருவரான பத்திரிகையாசிரியர் காட்கின் இதை எழுத்தில் விளாசித் தள்ளினார். இறங்க மறுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கும் ஒருமுறை தெரிந்தது என்பதால்தான், நார்மானியாவைப் பற்றி நமக்கு இவ்வளவு விவரம் கிடைக்கிறது; அதே கப்பலின் கீழ்த்தளத்தில் வந்தவர்களைப் பற்றி அவ்வளவு கிடைப்பதில்லை.

இதுவரை சொன்னதில் தடை கப்பலுக்கு. 1891-இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் பார்வையைக் கப்பலிலிருந்து தனிமனித உடலுக்கு மாற்றியது. அருவருக்கத்தக்க அல்லது ஆபத்தான தொற்றுநோய் உள்ளவர் நுழையக் கூடாது. அவரைத் திருப்பிக் கொண்டுபோகும் செலவு கப்பல் நிறுவனத்தைச் சேரும். 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட எல்லிஸ் தீவில் கூட்டம் வரிசையாக மாடிப்படி ஏறும்போதே மருத்துவர்கள் மேலிருந்து கவனித்தார்கள். மூச்சு வாங்குகிறவருக்கு இதயம், காலை இழுப்பவருக்கு முடம் என்று ஐயத்துக்குரியவரின் கோட்டின்மேல் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து விழுந்தது. ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் சில நொடிகளே. வரிசையின் முடிவில் நின்ற கண் மருத்துவர், பொத்தான் மாட்ட உதவும் சிறிய கொக்கியால் இமையை வெளிப்புறமாகப் புரட்டி, பார்வையைப் பறிக்கக்கூடிய டிரக்கோமா என்ற கண் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தார். 1897-இல் ஆபத்தான தொற்றுநோய் என்று வகைப்படுத்தப்பட்ட டிரக்கோமா, மருத்துவக் காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பங்குக்குக் காரணமாயிற்று.

எல்லிஸ் தீவுக்கு வந்தவர்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மொத்தத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான் என்பதைச் சிலர் அந்த அமைப்பின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். உண்மையான சல்லடை வேறிடத்தில் இருந்தது. 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புறப்படும் துறைமுகத்திலேயே கண்டுபிடித்திருக்கக்கூடிய நோயுள்ள ஒருவரை ஏற்றிவந்தால் கப்பல் நிறுவனம் ஆளுக்கு 100 டாலர் தண்டம் கட்டவேண்டும். ஆகவே ஹாம்பர்க், நேப்பிள்ஸ் போன்ற துறைமுகங்களிலும், அவற்றுக்கு முன்பே ஜெர்மனியின் கிழக்கெல்லையில் கப்பல் நிறுவனங்கள் நடத்திய சோதனைச் சாவடிகளிலும் ஆட்கள் கழிக்கப்பட்டார்கள். அங்கே கழிக்கப்பட்டவர் எந்த அமெரிக்கக் கணக்கிலும் சேரமாட்டார்.

எல்லிஸ் தீவில் தகராறு மிகுதியும் எழுந்தது மேல்முறையீட்டைப் பற்றி. மூவர் கொண்ட சிறப்பு விசாரணைக் குழு ஒருவரைத் தடுத்தால் அவர் வாஷிங்டனுக்கு முறையிடலாம். ஆனால் மருத்துவச் சான்றிதழில் காசநோய் என்றோ ஆபத்தான தொற்றுநோய் என்றோ எழுதப்பட்டுவிட்டால் குழுவின் முடிவே இறுதி என்று 1907-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வறுமையைப் பற்றி வாதாட முடியும், இமையின் உட்புறத்தைப் பற்றி வாதாட முடியாது. இதை நன்கு உணர்ந்தவர்கள் மருத்துவர்களே. பொதுச் சுகாதாரப் பணித்துறை தன் மருத்துவர்களை விசாரணைக் குழுக்களில் உட்காரவைக்க மறுத்தது. நோயைக் கண்டு சொல்வது தங்கள் வேலை, ஆளை அனுமதிப்பதும் தடுப்பதும் தங்கள் வேலை அல்ல என்பது அவர்களுடைய நிலைப்பாடு. மறுபுறம் தீவின் ஆணையர் வில்லியம் வில்லியம்ஸ் போன்றவர்கள் உடல்வளம் போதாதவர்களையும் மருத்துவச் சான்றின் துணையோடு கழிக்க விரும்பினார்கள். நோய் என்று பெயரிட முடியாத மெலிவுக்கும் சான்றிதழ் கேட்டால் மருத்துவர் என்ன செய்வார்? சிலர் எழுதிக்கொடுத்தார்கள், சிலர் தயங்கினார்கள். யூத உதவிச் சங்கங்கள் வழக்கறிஞர்களை வைத்து இத்தகைய வழக்குகளை நடத்தின. 1915-இல் கெகியோவ் வழக்கில், போகுமிடத்தில் வேலைவாய்ப்பு குறைவு என்பதற்காக ஒருவரைப் பொதுப் பணத்தில் பராமரிக்கவேண்டிய சுமையாகிவிடுவார் என்று தடுக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வறுமை வழக்குகளுக்கு உதவியது. டிரக்கோமாவுக்கு உதவவில்லை.

மேற்குக் கரையில் கதை இன்னும் கூர்மையானது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் 1910 ஜனவரியில் திறக்கப்பட்ட ஏஞ்சல் தீவில் முக்கியமாகச் சீனர்களும் ஜப்பானியர்களும் இந்தியர்களும் சோதிக்கப்பட்டனர். முதல் வகுப்பில் வந்தவர்கள் பெரும்பாலும் கப்பலிலேயே பார்க்கப்பட்டு இறங்கிவிட, மற்றவர்கள் தீவுக்குப் போனார்கள். அங்கே மலத்தை நுண்நோக்கியில் வைத்துப் பார்ப்பது வழக்கமாக்கப்பட்டது. எல்லிஸ் தீவில் ஐரோப்பியர்களுக்கு அப்படி ஒரு வழக்கமான சோதனை இல்லை. அந்த ஆண்டில் வந்த இந்தியர்களில், பெரும்பாலும் பஞ்சாபிகள், கணிசமானவர்களிடம் கொக்கிப்புழு கண்டறியப்பட்டது. உடனே கொக்கிப்புழு ஆபத்தான தொற்றுநோய்ப் பட்டியலில் ஏறியது. அதே சமயத்தில் ஆசியர் விலக்குச் சங்கம், இந்தியர்களைத் தாராளமாக அனுமதிக்கிறார் என்று ஆணையர் நார்த் மீது பிரசாரம் நடத்திக்கொண்டிருந்தது. அவர் பதவியும் போயிற்று. இந்தியர்களைப் பிறந்த நாட்டைக் காரணம் காட்டி விலக்கும் சட்டம் அமெரிக்காவில் வர 1917 ஆகும். இடைப்பட்ட ஏழாண்டுகளில் புழு அந்த வேலையைச் செய்தது.

கொக்கிப்புழு எப்படிப்பட்ட நோய் என்பதை இங்கே சொல்லவேண்டும். மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலைத் துளைத்து உடலுக்குள் போகிறது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையையும் சோர்வையும் உண்டாக்குகிறது. ஒருவர் தொடுவதாலோ இருமுவதாலோ மற்றவருக்கு வராது. அன்றைய மருந்தான தைமால் மலிவானது, சில தடவை கொடுத்தால் புழு வெளியேறும். ஏஞ்சல் தீவு திறப்பதற்கு முந்தைய ஆண்டான 1909-இல், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே புழுவை ஒழிக்க ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்துச் சுகாதார ஆணையம் ஒன்றை அமைத்திருந்தார். அங்கே பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் புழு இருந்தது. அவர்கள் வெள்ளையரும் கறுப்பினத்தாருமான அமெரிக்கர்கள். அவர்களுக்கு ஊர் ஊராக மருந்தகம் போட்டு மாத்திரை கொடுத்தார்கள். ஏஞ்சல் தீவில் அதே புழுவின் முட்டைகளை நுண்நோக்கியில் கண்டால் கப்பலுக்குத் திருப்பினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனச் சங்கங்களும் வணிகர்களும் விடாமல் எதிர்த்ததன் பயனாக, தீவின் மருத்துவமனையில் சொந்தச் செலவில் சிகிச்சை பெற்றுக் குணமானால் இறங்கலாம் என்ற வழி பலருக்குத் திறந்தது. பின்னால் அமைப்பும் பணமும் இல்லாத பஞ்சாபித் தொழிலாளிக்கு அந்த வழி அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை.

இதே புழு மறுபடியும் வருகிற இடம், ராமேசுவரத்துக்கு அருகே கடற்கரையில் உள்ள மண்டபம் என்ற ஊர். தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நிறுத்திச் சோதிக்க, இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே நடத்திய முகாம் அது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிப் படகு ஓடத் தொடங்கிய பிறகு, போக்குவரத்தின் பெரும்பகுதி அந்த வழியே ஆயிற்று. தோட்டத்துக்கு ஆள்சேர்க்கும் கங்காணியோடு வந்த குடும்பங்கள் எந்தத் தோட்டத்துக்குப் போகின்றன என்பதைக் காட்டும் எண் பொறித்த தகரச் சீட்டைக் கையில் வைத்திருந்தன. முகாமில் சில நாள் வைத்து அம்மை குத்தினார்கள், துணிகளுக்குக் கிருமிநீக்கம் செய்தார்கள், பிறகு ரயிலேற்றினார்கள். ராக்ஃபெல்லர் நிறுவனம் 1916 முதல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பை நடத்தியது; மண்டபத்திலேயே தொழிலாளர்களுக்குப் புழு மருந்து கொடுத்து அனுப்பும் வழக்கமும் பின்னர் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இந்தியரைத் திருப்பி அனுப்பக் காரணமான புழுவுக்கு இங்கே ஒரு வேளை மருந்துதான் விடையாக இருந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது.

அதனால் மண்டபம் கனிவான இடம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கேயும் தடுக்கப்பட்டவர்கள் உண்டு. வேலைக்கு உடல் தாங்காது என்று கருதப்பட்டவர்கள் படகேறும் முன்பே ஊருக்குத் திருப்பப்பட்டார்கள். தொற்று இல்லாத முதுமையும் ஊனமும் அங்கே தடைக்குப் போதுமானதாக இருந்தன, தொற்றுள்ள இளைஞனுக்கு மருந்து கிடைத்தது. எல்லிஸ் தீவில் திருப்பப்பட்டவருக்கு ஓர் உதவிச் சங்கமோ ஏஞ்சல் தீவில் ஒரு சீன வணிகர் அமைப்போ எப்போதாவது துணைக்கு வந்தது போல இங்கே எவரும் வழக்காட வரவில்லை. கப்பலில் ஏற்றி மறுகரையில் மறுப்பதற்குப் பதில், சொந்த ஊரின் பக்கத்துக் கரையிலேயே மறுத்துவிட்டால், அது நீதிமன்றம் ஏறும் விவகாரமாகவே ஆவதில்லை.